பந்து போனா திரும்பி ஓடணும்லா

அமெரிக்காவின் என்.பி.ஏ. பாஸ்கெட்பால் லீக்கில் ஆடும் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் 2024-25 சீசனை ஒரே காட்சியில் காட்டு என்று யாராவது கேட்டால், தவறிப்போன சூட், அதாவது கூடைக்குள் போகாத எறி, எதையும் காட்ட மாட்டேன். நம்மாள் போட்ட பந்து ரிங்கில் பட்டு வெளியே வரும், எதிரணிக்காரன் அந்த ரிபவுண்டை எடுத்த கையோடு நீளமாக ஒரு பாஸ் வீசுவான், மூன்று நான்கு விநாடிக்குள் அந்தப் பக்கம் ரிங்கை ஒட்டி ஓடிப்போய்ப் போடுகிற லேஅப் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் நம்மாட்கள் எங்கே என்று பார்த்தால், ஒருத்தர் ஃபவுல் கொடுக்கவில்லை என்று நடுவரைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நிற்பார், இன்னொருத்தர் நடுக்கோட்டுப் பக்கம் சாயங்காலம் கடற்கரைக்கு வந்தவர் போல நடந்துகொண்டிருப்பார். கையை விரித்தவர் அடுத்த முறையும் விரிப்பார். இதைத்தான் காட்டுவேன், ஏனென்றால் அந்த சீசன் முழுக்க நான் பார்த்தது இதுதான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி. அதைப் பார்த்து நானும் ஆளாளுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். முடிவில் 36 வெற்றி, 46 தோல்வி, மேற்குப் பிரிவின் 15 அணிகளில் 11-வது இடம். பத்தாவதாக வந்திருந்தால்கூட, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைய பிளே-இன் என்று ஒரு பின்வாசல் இருந்தது, அதுவும் போச்சு. இத்தனைக்கும் அந்த வருஷம் என்.பி.ஏ.வில் சம்பளத்துக்கும் வரிக்கும் அதிகமாகச் செலவு செய்த அணி இதுதான். கெவின் டியூரன்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் என்று மூன்று பெரிய பெயர்கள். டிஃபென்ஸ் தரவரிசையில் 30 அணிகளில் கடைசிக் கூட்டத்தில் கிடந்தார்கள்.

தோல்வி எனக்குப் புதிதில்லை. சன்ஸ் 1968-ல் தொடங்கிய அணி, இதுவரை ஒரு பட்டம்கூட வென்றதில்லை. 1976, 1993, 2021 என்று மூன்று முறை இறுதிச்சுற்று, மூன்றிலும் தோல்வி. அணிகள் வரிசையாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு யாருக்கு என்று 1969-ல் நாணயம் சுண்டியதில்கூட தோற்றவர்கள். அந்த வாய்ப்பில் எடுக்கப்பட்ட ஆள் மில்வாக்கிக்குப் போய் பிற்பாடு கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெரும் ஜாம்பவான் ஆனார். இதெல்லாம் தெரிந்துதான் இந்த அணியைப் பிடித்தேன். ஆகவே "கோப்பை வரவில்லை என்று அழுகிறாயா" என்று யாரும் கேட்க வேண்டாம்.

நான் தக்கலைக்காரன். குமரி மாவட்டத்தில் பந்து என்றாலே கால்பந்துதான், அதுவும் மேற்குக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் போனால் கைக்குழந்தைகூட பந்தை உதைக்கும் என்பார்கள். பாஸ்கெட்பால் இங்கே பள்ளிக்கூட கான்கிரீட் தரையோடு முடிந்துவிடுகிற விளையாட்டு. ரிங்கில் வலை இருக்காது, போர்டின் ஒரு மூலை மழையில் ஊறி உப்பியிருக்கும், தரையில் விழுந்தால் முட்டி ஒரு வாரத்துக்கு ஆறாது. அங்கே எங்களுக்குச் சொல்லித்தந்த பி.டி. சாருக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. "சூட் போகலன்னா ஏச மாட்டேன். பந்து போன பொறவு திரும்பி ஓடலன்னா ஏசுவேன்." ஏசுவது மட்டுமில்லை, எண்ட்லைனிலிருந்து எண்ட்லைனுக்கு அத்தனை பேரையும் ஓடவிடுவார், தப்பு செய்தவனை மட்டும் ஓரமாக நிறுத்தி மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கச் சொல்வார். அது கொடுமையான தண்டனை. நன்றாகச் சூட் போடுகிறவன் என்பதால் யாருக்கும் விலக்கு கிடையாது.

இந்தப் பழக்கத்தோடு ஒரு ஆட்டத்தைப் பார்க்கிறவனுக்கு ஸ்கோர்போர்டுக்கு முன்னால் கால்கள்தான் கண்ணில் படும். அது ஒரு சாபம் என்றுகூடச் சொல்லலாம்.

சன்ஸ் எனக்குப் பிடித்ததே அவர்களின் ஓட்டத்தால்தான். 2020 ஊரடங்கு ஞாபகமிருக்கும். கோவிட் காரணமாக நின்றுபோன சீசனை ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டு வளாகத்துக்குள் எல்லோரையும் அடைத்துவைத்து நடத்தினார்கள். சன்ஸ் 26 வெற்றி, 39 தோல்வியோடு அங்கே போனது. இவர்களை ஏன் கூப்பிட்டார்கள் என்றே பலர் கேட்டார்கள். நமக்கு நடுச்சாமத்தில் ஆட்டம் வரும், வேறு வேலையும் இல்லை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி. கிளிப்பர்ஸுக்கு எதிராகக் கடைசி விநாடியில் இரண்டு பேர் மேலே விழ, புக்கர் திரும்பி எறிந்த பந்து உள்ளே போனபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளியதில் கட்டில் நகர்ந்து அம்மா எழுந்து வந்துவிட்டாள். அத்தனையும் ஜெயித்தும் பிளேஆஃப் கிடைக்கவில்லை. கடைசி நாளில் போர்ட்லாண்ட் தோற்றிருந்தால் வாய்ப்பு உண்டு, ஆனால் புரூக்ளினை 134-133 என்று ஒரே புள்ளியில் ஜெயித்துவிட்டது.

அந்த அணியில் மிக்கல் பிரிட்ஜஸ் என்று ஒருவர் இருந்தார், எதிரணியின் பெரிய ஆளை எந்த நேரமும் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பார், ஒரு ஆட்டத்தைக்கூட விடமாட்டார், காயம் என்று உட்கார்ந்ததே கிடையாது. கேம் ஜான்சன் இருந்தார். லீக்கை விட்டே வெளியே போய்விட்டுத் திரும்பிவந்த கேமரன் பெய்ன் இருந்தார், அவர் ஓடியதைப் பார்த்தால் இந்த வேலையும் போய்விட்டால் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று தெரிந்தவர் மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் கிறிஸ் பால் வந்தார், இறுதிச்சுற்று வரை போனார்கள். மில்வாக்கியை முதல் இரண்டு ஆட்டங்களில் அடித்துவிட்டு அப்புறம் வரிசையாக நான்கில் தோற்றார்கள். ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் புக்கரின் கையிலிருந்து மில்வாக்கியின் ஜூரு ஹாலிடே பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, தன் அணியின் யானிஸுக்குத் தூக்கிப்போட்டதை இன்றைக்கும் என்னால் முழுசாகப் பார்க்க முடியாது. ஆனால் பாருங்கள், அந்தத் தோல்வியில் எனக்குக் கோபம் வரவில்லை. பிடுங்கினவன் நம்மைவிட ஒரு அடி அதிகமாக ஓடினான், அவ்வளவுதான்.

கோபம் தொடங்கியது 2022 மே மாதம். அந்த சீசனில் 64 வெற்றி, அணியின் வரலாற்றிலேயே அதிகம். டல்லாஸுக்கு எதிராக ஏழாவது ஆட்டம், சொந்த ஊரில். நமக்குத் திங்கள்கிழமை அதிகாலை ஐந்தரை. பாதி நேரத்தில் ஸ்கோர் 57-27. டல்லாஸின் லூகா டான்சிச் தனியாளாக 27 எடுத்திருந்தார், நம்முடைய மொத்த அணியும் சேர்ந்து 27. முடிவில் 123-90, நடுவில் ஒரு கட்டத்தில் வித்தியாசம் 46 வரை போனது. புக்கர் 11 புள்ளி, கிறிஸ் பால் 10. ஒரு நாள் பந்து உள்ளே போகாது, அது யாருக்கும் நடக்கும். ஆனால் ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் இரண்டாவதிலேயே தோளைத் தொங்கப்போட்டார்கள். மூன்றாவது குவார்ட்டரில் கேலரியில் ஆட்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள், நான் மட்டும் தக்கலையில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். எதுக்கு என்று கேட்டால் பதில் இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் பிப்ரவரியில், புது முதலாளி வந்த சூட்டோடு, டியூரன்டை வாங்கினார்கள். கொடுத்தது என்ன? பிரிட்ஜஸ், ஜான்சன், கூடவே முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் நான்கு. ஓடுகிற இரண்டு பேரையும், இனிமேல் வரக்கூடிய ஓடுகிற பையன்களையும் சேர்த்தே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் நான் சந்தோஷப்பட்டேன், யார்தான் படமாட்டார்கள், டியூரன்ட் இந்த ஆட்டம் கண்ட மிகப் பெரிய ஸ்கோரர்களில் ஒருவர். கோடைக்காலத்தில் கிறிஸ் பாலை அனுப்பிவிட்டு பீலைக் கொண்டுவந்தபோதுதான் வயிற்றில் ஏதோ செய்தது. மூன்று பேருமே பந்து கையில் இருந்தால் அற்புதமானவர்கள். பந்து கையில் இல்லாதபோது என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின இரவு அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து அவியலுக்குக் காய் வெட்டுவார்கள், தேங்காய் துருவுவார்கள், விடிய விடிய நடக்கும். மூன்று பேர்போன சமையல்காரர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்துவிட்டு, அந்தக் காய் வெட்டுகிற கூட்டத்தை வரவேண்டாம் என்று சொன்னால் பந்தியில் என்ன விழும்? சன்ஸ் செய்தது அதுதான். விடிந்த பிறகு மூன்று பேரும் அடுப்புப் பக்கம் நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள்.

ஆகவே நான் இந்த ஆட்கள் மேல் மட்டும் பழியைப் போடுவதாக இல்லை. சோம்பல் ஆடுகளத்தில்தான் தெரிகிறது, ஆனால் அதை விலை கொடுத்து வாங்கியது மாடியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தவர்கள். 2023-ல் லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே வந்த புதிய ஒப்பந்தப்படி, சம்பளச் செலவு ஒரு எல்லையைத் தாண்டினால் அந்த அணியின் கை கட்டப்படும். இரண்டு பேரின் சம்பளத்தைக் கூட்டிச் சேர்த்து வேறொரு ஆளை வாங்க முடியாது, நடுத்தரச் சம்பளத்துக்கு வெளியிலிருந்து யாரையும் எடுக்க முடியாது, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருகிறவர்களை வைத்துத்தான் மிச்ச இடத்தை நிரப்ப வேண்டும். சன்ஸ் அந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. பீலின் ஒப்பந்தத்திலோ, அவர் சம்மதம் இல்லாமல் அவரை வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. அவருக்கு அதைக் கொடுத்தது அவருடைய பழைய அணியான வாஷிங்டன், அதைத் தெரிந்தே தலையில் கட்டிக்கொண்டது ஃபீனிக்ஸ். ஓடுகிற ஆள் வேண்டும் என்று நடுவில் ஞானோதயம் வந்தாலும் வாங்க வழியில்லை.

சரி, அப்படியானால் ஆட்டக்காரர்களுக்குப் பொறுப்பே இல்லையா? இங்கேதான் எனக்கும் என் அத்தை மகனுக்கும் சண்டை. அவன் தூத்தூர்ப் பக்கம் பெண் கட்டியவன், மச்சினன்மார் எல்லோரும் கால்பந்து, அந்தச் சகவாசத்தில் இவனும் முழுசாக மாறிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தவன் என்னோடு உட்கார்ந்து ஒரு குவார்ட்டர் பார்த்தான். கட்டஞ்சாயாவைக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மக்கா, பந்து போனா திரும்பி ஓடணும்லா? இவனுவ நின்னு பாக்கானுவ. எங்க ஊர்ல இப்படி நின்னா கரையில இருந்து கல்லெடுத்து எறிவானுவ கேட்டியா" என்றான். நான் உடனே வக்கீல் ஆகிவிட்டேன். 82 ஆட்டம்டே, ஒவ்வொன்றும் 48 நிமிஷம், இன்றைக்கு ஒரு ஊர் நாளைக்கு ஒரு ஊர், டியூரன்டுக்கு 36 வயசு, ஒரு காலத்தில் குதிகால் நரம்பே அறுந்துபோய் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தவர், எல்லா முறையும் ஓடச்சொன்னால் பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில்தான் கிடப்பார் என்று. அவன் கேட்டான்: "அப்ப அந்தச் சின்னப் பையனும் நிக்கானே, அவனுக்கு என்ன வயசு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நிற்பது ஒட்டுவாரொட்டி. மேலே இருக்கிறவர் நடந்தால் கீழே இருக்கிறவனும் கொஞ்ச நாளில் நடக்கத் தொடங்குவான், ஏனென்றால் தான் மட்டும் ஓடிப்போய் மூன்று பேரைத் தனியாக மறித்து, லேஅப்பும் விழுந்து, கேமராவில் தன் முகம்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். ஓடினவன்தான் மாட்டுவான், ஓடாதவன் ஃபிரேமிலேயே இருக்கமாட்டான். இது எல்லா அணியிலும் உண்டு, எல்லா அலுவலகத்திலும் உண்டு என்று என் கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உழைப்பு என்று நான் சொல்வது முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொள்வதோ தரையில் விழுந்து புரள்வதோ இல்லை. மூலையில் நிற்கும் சூட்டரை நோக்கி இரண்டு அடி முன்கூட்டியே கிளம்புவது. சூட் எழும்பியதும் பந்தைப் பார்த்து நிற்காமல் பக்கத்தில் இருப்பவனின் நெஞ்சுக்கு முதுகைக் கொடுத்து மறிப்பது. கூட்டாளி ஏமாந்துபோனால் தன் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்து அந்த இடத்தை அடைப்பது, அடைத்த பிறகு திரும்பத் தன் ஆளிடம் ஓடுவது. இதில் எதற்கும் ஹைலைட்ஸ் கிடையாது. லீக்காரர்கள் 2023-24 சீசனிலிருந்து ஒரு விதி கொண்டுவந்தார்கள், குறைந்தது 65 ஆட்டம் ஆடாதவருக்குப் பெரிய விருதுகள் இல்லை என்று. ஆளை மைதானத்துக்குக் கொண்டுவர அது உதவும். வந்தவரை ஓடவைக்க எந்த விதிப்புத்தகத்திலும் ஒரு வரி எழுத முடியாது.

2025 பிப்ரவரியில் டியூரன்ட் 30,000 புள்ளிகளைத் தொட்டார். என்.பி.ஏ. வரலாற்றில் எட்டாவது ஆள். சொந்த மைதானம், மெம்பிஸ் எதிரணி, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த ஆட்டத்தையும் தோற்றார்கள். எனக்கு அன்றைக்கு இரண்டு எண்ணமும் சேர்ந்தே வந்தது: இந்த மனிதரின் சூட்டைப் பார்க்க நான் கொடுத்துவைத்திருக்கிறேன், இந்த அணியைப் பார்க்க எந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்தேன். அரிசோனாவில் கடிகாரத்தை முன்னும் பின்னும் மாற்றும் வழக்கம் இல்லாததால் வருஷம் முழுக்க நமக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டரை மணி நேரம்தான். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் இங்கே காலை ஏழரை. முதல் பாதியை வீட்டில் பார்ப்பேன், மூன்றாவது குவார்ட்டர் நாகர்கோவில் பஸ்ஸில். வில்லுக்குறி வரைக்கும் சமமாகப் போய்க்கொண்டிருக்கும் ஆட்டம் சுங்கான்கடை ஏறும்போது கையைவிட்டுப் போகத் தொடங்கும், வடசேரியில் இறங்கும்போது வெறும் சடங்கு. சில நாள் பார்வதிபுரத்தில் வண்டி நெரிசலில் நின்றால் கடைசி நிமிஷங்களையும் சேர்த்துப் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு ஒரே கேள்வி, "இந்தக் கருமத்தைப் பாக்கவா காலத்த எந்திச்ச?"

நடுவில் நல்லதே இல்லையா என்றால் இருந்தது. ரயன் டன் என்று ஒரு புதுப் பையன், 2024 டிராஃப்டில் 28-வது ஆளாக எடுக்கப்பட்டவன், கல்லூரியில் சூட் போடவே தெரியாது என்று பெயர் வாங்கியவன். அவன் உள்ளே வந்தால் தெரியும். எதிரணிப் பெரிய ஆளின் முன்னால் காலை அகட்டி நிற்பான், அடி வாங்குவான், திரும்பி ஓடுவான். அவன் சூட் தவறினால் எனக்கு ஒரு வருத்தமும் வராது. எங்கள் பி.டி. சார் பார்த்திருந்தால் அவனை மட்டும் வீட்டுக்குக் கூட்டிப்போய் மரச்சீனியும் மீன்கறியும் போட்டிருப்பார்.

அப்புறம் வழக்கமான நாடகம். தோல்விக்கு யாரையாவது பலி கொடுக்க வேண்டுமே, கோச்சைத் தூக்கினார்கள். 2023-ல் மான்டி வில்லியம்ஸ், 2024-ல் ஃபிராங்க் வோகல், 2025-ல் மைக் பூடன்ஹோல்சர். மூன்று வருஷத்தில் மூன்று பேர். இதில் வோகல் லேக்கர்ஸுக்கும், பூடன்ஹோல்சர் மில்வாக்கிக்கும் பட்டம் வாங்கிக்கொடுத்தவர்கள். அந்த 2021 இறுதிச்சுற்றில் நம்மை அடித்ததே பூடன்ஹோல்சரின் அணிதான். இந்த இரண்டு பேருக்கும் ஃபீனிக்ஸ் வந்த உடனே டிஃபென்ஸ் மறந்துபோயிருக்கும் என்று என்னை யாரும் நம்பவைக்க முடியாது.

அந்தக் கோடையில் டியூரன்டை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். பீலின் மிச்ச ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள், அந்தத் தொகையை வருஷக்கணக்கில் பிரித்து இன்னும் சுமக்க வேண்டும், வேறு அணியில் ஆடுகிற ஆளுக்கு. டியூரன்டுக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர் டில்லன் ப்ரூக்ஸ். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. வாய் அதிகம், ஃபவுல் அதிகம், தன்னால் போட முடியாத சூட்டையும் போடுவார், மெம்பிஸில் இருந்தபோது லேக்கர்ஸின் பெரிய ஆள் லெப்ரானைக் கிழவன் என்று சொல்லிவிட்டு அந்தத் தொடரிலேயே தோற்றுப்போனவர். ஆனால் ஒன்று, எதிரணிப் பெரிய ஆளை யார் மறிப்பது என்று கேட்டால் முதலில் கை தூக்குவார், 48 நிமிஷமும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே அலைவார்.

செய்தியை அத்தை மகனுக்கு அனுப்பினேன். ப்ரூக்ஸின் பழைய வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்திருக்கிறான் போலிருக்கிறது, ராத்திரி போன் செய்தான். "லேய், இவன் சரியான வம்பன்லா. இவன் எங்க ஊர் டீமுக்கு வருவானான்னு கேளு" என்றான். கோல் பக்கம் நின்று மறிக்கிற பேக்கில் ஆள் குறைவாம்.